அறுபதடி ரோட்டுக்குச் சிங்கப்பூர் வழி

என்ன சார், சுத்திக்கிட்டே இருக்கா? போனைப் போட்டுத் தட்டாதீங்க, அது பாவம் என்ன பண்ணும்? போன் மேல குத்தமில்ல. வழி மேல குத்தம். நீங்க பாக்குற வீடியோ எங்கயோ ஒரு ஊர்ல கிளம்பி, எவன் வாசல்லயோ நின்னுக்கிட்டு இருக்கும். எனக்கு இதெல்லாம் தெரியும் சார். வேட்டியும் துண்டுமா மதுரை பஸ்ஸுல உக்காந்திருக்கான், இவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சிருப்பீங்க. நினைக்கலையா? நினைச்சாலும் தப்பில்ல. உலகத்துல இருக்கிற பெரிய நெட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்காங்க. அதுல ஒரு நம்பர் என்னோடது.

பேரு ஒச்சுக்காளை. ஊரு உசிலம்பட்டிக்கு அங்கிட்டு, மேலப்பெருமாள்புரம். ஒச்சுக்காளை கேபிள்னா சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். இப்ப கேபிள் போயி இன்டர்நெட்டு. ரெண்டாயிரம் வீடு. கையை இப்படி வெச்சுக்கங்க, இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கிறேன். உள்ள பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் இருக்கு. அதை அப்புறம் சொல்றேன்.

நம்பர்னா செல் நம்பர் இல்ல சார். பல நெட்டு சேர்ந்ததுதானே இன்டர்நெட்டு? ஒவ்வொரு நெட்டும் ஒரு ராஜ்ஜியம். உள்ளுக்குள்ள அவனவன் இஷ்டம், யாரும் கேக்க முடியாது. ஆனா ஒரு ராஜ்ஜியத்துல இருந்து இன்னொரு ராஜ்ஜியத்துக்குப் போகணும்னா, யாரு என்னன்னு சொல்லிக்கணும்ல? அதுக்குத்தான் நம்பர். எனக்கு நம்பர் வந்த அன்னைக்குக் கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டேன். பதினெட்டாம் நாள் எதிர்த்த கடைக்கும் நம்பர் வந்துருச்சு. அதுவும் என் நம்பரை விடச் சின்ன நம்பர். எப்படி சார்? பின்னால வந்தவனுக்குச் சின்ன நம்பர் எப்படிக் கொடுப்பாங்க? எழுதிக் கேட்டேன். இதுல பெரியவன் சின்னவன்லாம் கிடையாதுன்னு பதில் வந்துச்சு. அவங்களுக்கு என்ன, சொல்லிருவாங்க.

எதிர்த்த கடை யாருதுங்கிறீங்களா? என் கூடப்பிறந்த தங்கச்சி பவளக்கொடியைக் கட்டின மாப்பிள்ளை, சின்னமாயன். எங்கிட்ட ஆறு வருஷம் வயர் இழுத்துட்டு, எனக்கு நேர் எதிர்த்தாப்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை போட்டாப்ல. கீழ கடை, மாடியில வீடு. அதைக்கூட நான் மனசுல வெச்சுக்கல. எதையும் மனசுல வெச்சுக்கிற ஆளே இல்ல நான். ரெண்டாயிரத்துப் பதினாறு, ஆவணி ஒம்பதாந்தேதி, வியாழக்கிழமை, காலையில ஒம்பதரைக்குக் கடை திறந்தாப்ல. அன்னைக்கே மறந்துட்டேன்.

சண்டை அதுல இல்ல சார். சண்டை பத்திரிகையில. என் மூத்த மகளுக்குக் கல்யாணம் வெச்சேன். பத்திரிகையில 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டுச் சொந்தபந்தம் பேரெல்லாம் வரிசையாப் போடுவோம்ல. கேபிள் சங்கத்து நிர்வாகிகளுக்கே பதினாலு வரி போயிருச்சு. விட முடியுமா, பதவியில இருக்கிறவங்க. மிச்சம் இருந்தது ஒரே வரி. அதுல பிரஸ்காரரு 'மற்றும் சகோதரி குடும்பத்தார்'னு அடிச்சுட்டாப்ல. பேரு இல்லாம, மொத்தமா. நான் புரூஃப் பாத்தேன், இல்லேங்கல. பாத்துக் கையெழுத்தும் போட்டேன். ஆனா அடிச்சது அவருதானே சார்?

அப்ப பவளத்துக்கு ஏழாம் மாசம். பதினோரு வருஷம் பிள்ளையில்லாம இருந்து நின்ன பிள்ளை. அவ கல்யாணத்துக்கு வரல. மாப்ளையும் வரல. குழந்தை பிறந்துச்சு, எனக்குச் சொல்லி விடல. சொல்லி விட்டிருந்தா ஓடியிருப்பேன். சொல்லி விடாம எப்படிப் போறது? பொம்பளப் பிள்ளை. யாழ்மொழின்னு பேரு. மூணு வயசாச்சு. அறுபதடி ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கு. நான் இன்னும் ஒரு தடவை கூடத் தூக்கல சார்.

சரி, அதை விடுங்க. வழிக்கு வர்றேன்.

எங்க கடையில நெட்டு ஓடுற ரூட்டர் பெட்டியெல்லாம் பாத்துக்கிறது ரெஜினா மேடம், திண்டுக்கல்லு. முப்பது வயசுதான் இருக்கும், ஆனா அம்புட்டுப் பொறுமை. ஒருநாள் ஜெராக்ஸ் கடைக்காரரு வந்து சத்தம் போட்டாப்ல. அவரு கடை எங்க லைன். ரோட்டுக்கு அங்கிட்டு அவரு சம்சாரம் போட்டோ பிரிண்ட் கடை வெச்சிருக்கு, அது மாப்ள லைன். ஒரு போட்டோ அனுப்பினா, அது போயிச் சேர்றதுக்குள்ள நடந்தே கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துரலாம்னாப்ல. மேடம் உக்காந்து என்னமோ தட்டிட்டு, அந்தப் போட்டோ போன வழியைப் படிச்சாங்க. நம்ம கடை, மதுரை, சென்னை, சிங்கப்பூர், பம்பாய், மதுரை, மாப்ள கடை.

சிங்கப்பூரான்னேன். ஆமா சார்னாங்க. நான் லைன் வாங்குறது சென்னைக் கம்பெனிகிட்ட. மாப்ள வாங்குறது பம்பாய்க் கம்பெனிகிட்ட. அந்த ரெண்டு கம்பெனியும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிற இடம் சிங்கப்பூருதானாம். நானும் மாப்ளையும் நேருக்கு நேரா ஒரு வயர் போட்டுக்காததால, அறுபதடி தாண்டுறதுக்குப் போட்டோ கடல் தாண்டிப் போயிட்டு வருது. பாஸ்போர்ட்டு கூடக் கிடையாது சார்.

எனக்குப் பெருமை தாங்கல. மறுநாளே கடை வாசல்ல பிளக்ஸ் வெச்சேன், 'உங்கள் படங்கள் சிங்கப்பூர் வழியாக அனுப்பப்படும்'னு. ரெண்டு நாள்ல மாப்ள வெச்சாப்ல, 'எங்களிடமும்'னு.

மேடம் தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "சார், இது பெருமை இல்ல. ஒரு வயரைக் குறுக்க இழுத்துட்டா முடிஞ்சுரும். நீங்க ரெண்டு பேரும் நெய்பர் ஆயிரலாம்"னாங்க.

"எதிர்த்தாப்லதானே இருக்கோம், நெய்பர்தானே?"ன்னேன்.

"அப்படித் தானா ஆகாது சார். உங்க பெட்டியில அவரு நம்பரை நீங்க எழுதணும். அவரு பெட்டியில உங்க நம்பரை அவரு எழுதணும். ரெண்டு பேரும் எழுதினாத்தான் பேசிக்கும். ஒருத்தரு எழுதி ஒருத்தரு எழுதலேன்னா பேசாது."

மொதல்ல யாரு எழுதணும்னு கேட்டேன். யாரு வேணா எழுதலாம்னாங்க. அங்கதான் சார் இந்தப் படிச்சவங்களுக்கு விவரம் பத்தாது. யாரு வேணா எப்படி எழுதுறது? நான் பொண்ணு கொடுத்தவன். அவரு என்கிட்ட வேலை பாத்தவரு. ஒரு முறை இருக்குல்ல? ரெண்டு பெட்டியும் சும்மா இருக்காதாம், நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கணுமாம். மூணு நிமிஷம் சத்தமில்லேன்னா செத்துட்டான்னு முடிவு பண்ணி, அவன் சொன்ன வழியையெல்லாம் அழிச்சுருமாம். மூணு நிமிஷத்துக்கே இந்தப் பாடு. நாங்க மூணு வருஷம் தாங்கியிருக்கோம், பாத்துக்கங்க எங்க உறுதியை.

அப்புறம்தான் மேடம் பேப்பரும் பேனாவுமா உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தாங்க. கேளுங்க சார், சுவாரசியமா இருக்கும். என்னென்ன இன்டர்நெட்டு விலாசம் நம்மகிட்ட இருக்குன்னு பக்கத்து நெட்டுக்கு நாமதான் அறிவிக்கணும். 'இந்த ஆயிரம் விலாசமும் எங்க வீடு, இதுக்கு வர்ற சரக்கை எங்கிட்ட தள்ளு.' பக்கத்துக்காரன் அதைக் கேட்டுக்கிட்டு, முன்னால அவன் நம்பரைச் சேத்து, அவனுக்குப் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சொல்லுவான். அவன் அவன் நம்பரைச் சேத்து அடுத்தவன்கிட்ட. இப்படியே வாய் வழியா உலகம் பூரா போயிரும். கடைசியில அமெரிக்காவுல ஒருத்தன் கையில ஒரு பட்டியல் இருக்கும்: இன்னார் வழியா, இன்னார் வழியா, இன்னார் வழியா ஒச்சுக்காளை. அவ்வளவுதான். பட்டியல்ல தன் நம்பரே இருந்துச்சுன்னா, சுத்திச் சுத்தி நம்மகிட்டயே வந்துருச்சுன்னு தூக்கிப் போட்டுருவான். மத்தபடி மொத்த உலகத்துக்கும் மேப்புன்னு ஒண்ணு எவன்கிட்டயும் கிடையாது சார். எல்லாம் சொல்லக் கேட்டதுதான்.

பத்து வழி வந்தா எதுல அனுப்புவான்னு கேட்டேன். கிட்டத்துல இருக்கிறதுலதானேன்னேன். இல்லையாம். மைல் கணக்கே கிடையாதாம். மொதல்ல யாரோட சம்பந்தம் தோதா இருக்கோ அவங்க வழி. அதுக்கப்புறம்தான் எத்தனை கை மாறுதுன்னு எண்ணுவாங்களாம். எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு சார். இதுல கம்ப்யூட்டரே இல்ல. பூராவும் சொந்தபந்த விவகாரம். இதுக்கு எதுக்கு நாலு வருஷம் காலேஜு?

கடைசியா ஒண்ணு சொன்னாங்க. அதுலதான் நான் மாட்டினேன். விலாசத்தை மொத்தமா ஒரே கட்டாவும் அறிவிக்கலாம், பிரிச்சுத் துண்டு துண்டாவும் அறிவிக்கலாம். ஒரே விலாசத்துக்கு ஒருத்தன் மொத்தமாச் சொல்லி, இன்னொருத்தன் பிரிச்சுச் சொன்னா, உலகம் பூரா பிரிச்சுச் சொன்னவனைத்தான் நம்பும். வேற பேச்சே கிடையாது.

"அதனால ஜாக்கிரதையா இருக்கணும் சார்"னாங்க மேடம்.

அவங்க பயம் காட்டச் சொன்னாங்க. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதானே? 'மற்றும் குடும்பத்தார்'னு மொத்தமாப் போட்டா எவன் மதிப்பான்? ஒவ்வொரு பேராப் பிரிச்சுப் போட்டாத்தானே மரியாதை? இது அமெரிக்காக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சேன்னு மூணு வருஷத்துல மொத தடவையா நெஞ்சு வலிச்சுச்சு சார்.

அந்தச் சமயத்துல, போன மாசம், ஒரு சேதி வருது. யாழ்மொழிக்குக் காதுகுத்து வெச்சிருக்காங்கன்னு. காதுகுத்துன்னா உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும். நான் ஒத்தத் தாய்மாமன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆனா அழைப்பு இல்ல. மாமன் வரலேன்னா எங்க பெரியப்பா மகன் ஜோதிக்காளை மடியில உக்கார வெச்சுக்கலாம்னு மாப்ள பேசிட்டாராம். ஜோதிக்காளை! சார், அவனுக்கு ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் உக்காரத் தெரியாது. அவன் மடியில என் தங்கச்சி பிள்ளையா?

மூணு நாள் சாப்பிடல. மாமன் மடின்னா சும்மா இல்ல சார். அந்த மடி எனக்கு இல்லேன்னா ஊருக்குள்ள நான் இருந்தென்ன, இல்லாட்டி என்ன? அறுத்து விட்டுட்டாங்கன்னு அர்த்தம். யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். இறங்கிப் போறது. ஆனா நேர்ல போனா கௌரவம் போயிரும். அதனால உலகத்துக்கே தெரியுற மாதிரி, என் அறிவிப்புலயே மாப்ள குடும்பத்துப் பேரையும் சேத்துப் போட்டுர்றதுன்னு.

ரெஜினா மேடம் வேளாங்கண்ணி போயிருந்தாங்க. அதுவும் நல்லதுதான்னு நினைச்சேன், குடும்ப விஷயத்துல வெளியாளு எதுக்கு? வளர்பிறை, புதன்கிழமை, பத்தேகால் மணி. சாமி கும்பிட்டுட்டுப் பெட்டி முன்னால உக்காந்தேன். மேடம் என் விலாசத்துக்கு என்ன எழுதியிருந்தாங்களோ அதையே பாத்து எழுதினேன், மாப்ள விலாசத்தைப் போட்டு. அவரு ஆயிரத்து இருபத்துநாலு விலாசத்தையும் ஒரே கட்டா அறிவிச்சிருந்தாப்ல. நான் நாலாப் பிரிச்சேன். மாப்ளைக்கு ஒண்ணு, பவளத்துக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணு குலசாமிக்கு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதணும். ஒண்ணு, 'இந்த விலாசம் எங்கிட்ட வா'. இன்னொண்ணு, 'வேற வழி தெரியலேன்னா கீழ போடு'. அந்த ரெண்டாவது வரி என்னத்துக்குன்னு எனக்குத் தெரியாது. மேடம் எழுதியிருந்தாங்க, நானும் எழுதினேன்.

எழுதிட்டுத் தங்கச்சிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். 'பவளம், அண்ணன் உங்க பேரையெல்லாம் தனித்தனியாப் போட்டுட்டேன். உலகமே பாக்குது. மனசுல எதுவும் வெச்சுக்காத.' மூணு வருஷத்துல மொத மெசேஜ் சார்.

ஒத்த டிக்கு.

இந்தப் பக்கம் என் பெட்டி எரிய ஆரம்பிச்சுச்சு. எரியுதுன்னா, விளக்கெல்லாம் விடாம மினுக்குது. எவ்வளவு சரக்கு வருதுன்னு காட்டுற கோடு ஏறுது, ஏறுது, மேல இடமில்லாம ஏறுது. ஆஹா, மாப்ள லைனை விட்டுட்டு எல்லாரும் நம்மகிட்ட வர்றாங்கடான்னு ரெண்டு சரவெடி வாங்கி வாசல்ல கொளுத்தினேன். அதே நேரத்துல எதிர்த்த கடை வாசல்ல கூட்டம். ரேஷன் கடை மிஷின் நின்னு போச்சு, ஒரு பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை பாதியில போச்சு, வெத்தலை மண்டிக்காரரு விலை தெரியாம வெத்தலை மேலயே உக்காந்துட்டாப்ல. மாப்ள நடுவுல நின்னுக்கிட்டு, வெடிக்கிற என் வெடியையே பாக்குறாப்ல.

நான் டிக்கைப் பாக்குறேன். பதினொண்ணு ஆச்சு, ஒத்த டிக்கு. பன்னெண்டு, ஒத்த டிக்கு. ஒரு மணிக்கெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்துருச்சு சார். அண்ணன் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கேன், போனைக் கூட எடுத்துப் பாக்க மாட்டேங்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்! வாசல்ல நின்னு சத்தமாவே சொன்னேன், "சிலருகிட்டல்லாம் இறங்கிப் போனா ஏறிக்குவாங்கப்பா"ன்னு. யாரைப் பாத்தும் சொல்லல. ரோட்டைப் பாத்துச் சொன்னேன்.

ரெண்டு மணிக்குப் போலீஸ் வந்துச்சு.

ஸ்டேஷன்ல எஸ்.ஐ. நல்ல மனுஷன். மாப்ள எழுதிக் கொடுத்த புகாரை மூணு தடவை படிச்சாப்ல. 'எனது வழியைத் திருடிக்கொண்டார்' அப்படின்னு இருக்கு.

"எந்த வழிய்யா? எங்க இருந்து எங்க போகுது?"ன்னு கேட்டாப்ல.

"உலகத்துல இருந்து என் கடைக்கு வர்ற வழி சார்" அப்படின்னாரு மாப்ள.

"பட்டா வழியா, புறம்போக்கா?"

எஸ்.ஐ. ஏட்டைக் கூப்பிட்டு, சர்வேயருக்குச் சொல்லி விடு, அளந்துரலாம்னாப்ல. கடைசியில ரெஜினா மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சோம். வேளாங்கண்ணியில கடற்கரையில நிக்கிறாங்க, அலைச் சத்தம் கேக்குது. எல்லாத்தையும் கேட்டாங்க. அப்புறம் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. மாப்ள மொத்தமாச் சொன்னதை நான் பிரிச்சுச் சொன்னதால, உலகம் பூரா அவரு வீட்டுச் சரக்கை என்கிட்ட அனுப்பியிருக்கு. என் பெட்டியில இருந்து அவரு வீட்டுக்கு வழி கிடையாது. அதனால அந்த ரெண்டாவது வரிப்படி வந்ததையெல்லாம் கீழ போட்டுருச்சு. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரமா.

எஸ்.ஐ. கேட்டாப்ல, "ஏம்மா, ஒருத்தன் இது என் வீடுன்னு சொன்னா உலகம் பூரா நம்பிருமா?"

"நிறைய பேரு நம்பிருவாங்க சார். இந்தச் சென்னைக் கம்பெனி சரி பாத்திருக்கணும், பாக்கல."

"ஒரு ஏட்டைக் கூடப் போய் விசாரிச்சுட்டு வரச் சொல்றதில்லையா?"

"இல்ல சார்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழட்டி மேசையில வெச்சுட்டு, "இதையா நம்பி நாங்க எஃப்.ஐ.ஆர். எல்லாம் ஏத்திக்கிட்டிருக்கோம்?"னாப்ல.

மேடம் போன்ல சொல்லச் சொல்ல, ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல இருந்தே நான் அந்த எட்டு வரியையும் எடுத்தேன். எடுத்து அஞ்சு நிமிஷம் இருக்காது, என் மெசேஜ் ரெண்டு டிக்கு ஆச்சு. அதே நேரத்துல டிங்குன்னு எனக்கு ஒரு மெசேஜ். பவளத்துக்கிட்ட இருந்து. காலையில பத்து இருபத்தஞ்சுக்கு அவ எழுதினது. நான் எழுதின அதே நேரத்துல அவளும் எழுதியிருக்கா சார். அவ போனும் மாப்ள வீட்டு லைன்தானே, அதுவும் வெளிய வர வழியில்லாம கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரமா அவ போன்லயே கிடந்திருக்கு.

'அண்ணே, அவருகிட்ட அழுது சம்மதிக்க வெச்சுட்டேன். பகல் சாப்பாட்டுக்குள்ள ஒரு தடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போ. உன் மடிதான்.'

ஸ்டேஷன்ல உக்காந்து படிக்கிறேன். பக்கத்து பெஞ்சுல மாப்ள. மணி மூணே கால். பகல் சாப்பாடு முடிஞ்சு போச்சு. இனி மறுபடி அழைக்காம எப்படிப் போறது?

சார், தண்ணி இருக்கா? ஒரு வாய். ம்ம், போதும்.

எஸ்.ஐ. தீர்ப்பு சொன்னாப்ல, ரெண்டு பேரும் வயரைப் போட்டுக்கிட்டு ஒழுங்கா இருங்கன்னு. போட்டோம். ஆனா எப்படிப் போட்டோம்? என் பக்கம் இருந்து நான் பாதி ரோடு வரைக்கும் கொண்டு போனேன், அவரு பக்கம் இருந்து அவரு பாதி. நடுவுல மேடம் ஏணியில நின்னு ரெண்டையும் ஒட்டினாங்க. யாரும் யார் வாசலையும் மிதிக்கல. நான் அவரு நம்பரை எழுதினேன், அவரு என் நம்பரை எழுதினாப்ல, ஒரே நேரத்துல, மேடம் ஒண்ணு ரெண்டு மூணு சொல்ல. இப்ப போட்டோ கண் மூடித் திறக்கிறதுக்குள்ள போயிருது. பெட்டி ரெண்டும் அம்புட்டு ஒத்துமை. நாங்க பேசல.

இன்னைக்குத்தான் சார் காதுகுத்து. எங்க ஊரு மண்டபத்துல, பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்குள்ள.

ஏன் முழிக்கிறீங்க? அப்புறம் ஏன்யா மதுரைக்குப் போறேங்கிறீங்களா? சொல்றேன். மதுரை எல்லீஸ் நகர்ல எங்க தாய்மாமா இருக்காரு. அவருக்கும் ஆண்டிபட்டியில இருக்கிற மாப்ளையோட பெரியப்பாவுக்கும் நல்ல பழக்கம். மாமாவை நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொன்னா, அவரு ஆண்டிபட்டிக்குப் போன் போட்டுச் சொல்லுவாரு. ஆண்டிபட்டிக்காரரு மாப்ளகிட்ட சொல்லுவாரு. மாப்ள வெத்தலை பாக்கு எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி வந்து என்னை முறையா அழைப்பாரு. அழைச்ச உடனே போறதுக்குச் சீரெல்லாம் தயாரா எடுத்துக்கிட்டேன், அதுதான் இந்தப் பை. பட்டுப்பாவாடை, வெள்ளிக்கொலுசு, தோடு.

மாமாவுக்குப் போன்லயே சொல்லலாமேங்கிறீங்க. பெரிய மனுஷருகிட்டப் போன்ல சொல்றதா? நானே ரோட்டைத் தாண்டிப் போயிருக்கலாமேங்கிறீங்க. சார், இவ்வளவு நேரம் எதைக் கேட்டீங்க? கிட்டத்துல இருக்குங்கிறதுக்காக எல்லாம் போயிர முடியாது. சம்பந்தம் எந்த வழியா இருக்கோ அந்த வழியாத்தான் போகணும். உலகமே அப்படித்தான் ஓடுது. மேடமே சொல்லியிருக்காங்க.

இது எந்த ஊரு? கருமாத்தூர் தாண்டிட்டமா? மணி பத்தரை. போதும், நேரமிருக்கு.

இருங்க சார், போன் அடிக்குது. யாரு இந்நேரம்?

பவளம்.

சார், தங்கச்சி கூப்பிடுறா. மூணு வருஷமாச்சு சார். அடிக்குதே, என்ன பண்றது? நான் எடுக்க மாட்டேன். எடுத்து என்னன்னு சொல்ல? நீங்க எடுங்க சார். ஒரு தடவை, புண்ணியமாப் போகும். பச்சையைத் தள்ளுங்க, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். ஒச்சுக்காளை பக்கத்துல இருக்காருன்னு சொல்லுங்க.

என்ன சொல்றா? சத்தமாச் சொல்லுங்க சார், பஸ் இரைச்சல்ல கேக்கல. பிள்ளைக்கு மொட்டை அடிச்சாச்சா? சரி. ஜோதிக்காளை வந்துட்டானா? வந்தவனைப் போகச் சொல்லிட்டாளா? யாரு, பவளமா? எங்க அண்ணன் மடி இல்லாம என் பிள்ளை காதுல ஊசி படாதுன்னு சொல்லிட்டாளா?

சரி, மாப்ள? மாப்ள என்ன சொன்னாராம்? காதுல வெச்சு நல்லாக் கேளுங்க சார். எங்க நிக்கிறாரு?

என் கடை வாசல்லயா?

தாம்பாளம் எடுத்துக்கிட்டு? வெத்தலை பாக்கோட? எவ்வளவு நேரமா நிக்கிறாராம்? அரை மணி நேரமாவா? கடை பூட்டியிருக்குன்னு வெயில்லயே நிக்கிறாரா? யாரும் சொல்லாமலேயா சார்? ஆண்டிபட்டியில இருந்து யாரும் போன் போடாமலேயா? அவரா, தானா ரோட்டைத் தாண்டி வந்தாரா?

நான் பூட்டிட்டு வந்துட்டேனே சார். இருபத்தஞ்சு கிலோமீட்டர் வந்துட்டேனே.

கண்டக்டர்! தம்பி, கண்டக்டர்! நிப்பாட்டச் சொல்லுப்பா. செக்கானூரணி வரைக்கும் எல்லாம் வேணாம், இங்கயே, இந்தப் புளியமரத்துக்கிட்டயே நிப்பாட்டு. எதிர் பஸ்ஸைப் பிடிக்கணும். நகருங்க சார், கொஞ்சம் காலை எடுங்க. பையை இடிச்சுராதீங்க. இல்ல, போனை வெச்சுராதீங்க, அவகிட்டச் சொல்லுங்க. அண்ணன் வந்துக்கிட்டிருக்காருன்னு சொல்லுங்க. மாப்ளையை நிழல்ல உக்காரச் சொல்லச் சொல்லுங்க. பன்னெண்டுக்குள்ள வந்துருவாருன்னு சொல்லுங்க. பிள்ளையை எவன்கிட்டயும் கொடுத்துர வேணாம்னு சொல்லுங்க.

அழுகுறேன்னு மட்டும் சொல்லிராதீங்க சார்.